கணிப்பொறியும் கம்மியர் கைத்திறனும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

   

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசும் அன்பர்கள் பலர் உளர். இசையும் நாடகமும் தொடங்கச் சிறிது நேரமே உள்ளது. சிறுவர் சிறுமியர் வேடம் புனைந்து திரைக்குப் பின்னால் காத்திருக்கின்றனர். இந்நிலையில், பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இரயில்வேயில் எழுத்தர் பணி ஏற்று, பயணச்சீட்டு முகப்பிலேயே இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட நாம் கணிப்பொறியைப் பற்றிப் பேச முன்வந்தது பலருக்கும் வியப்பாய் இருத்தல் கூடும். அதன் மூளையைப் பற்றிப் பேசும் தகுதி நமக்கில்லை. அதன் எலும்புகளையும் மூட்டுகளையும் பற்றியே ஈண்டுச் சில கூற விரும்புகிறோம். நம் தகப்பனார் இவ்வூர்ப் பணிமனையில் பிட்டராய் இருந்தவர். கம்மியர் வீட்டில் பிறந்த எழுத்தனுக்கு அவ்வளவு உரிமை உண்டு என்று அவையோர் ஒப்புக்கொள்வர் என நம்புகிறோம்.

இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அது நாம் செய்த பிழை ஒன்றைச் சார்ந்தது.

நாம் வாழும் கரக்பூர் விந்தையான ஊர். ஒருபுறம் வங்காள நாகபுரி இரயில்வேயின் காலத்தில் எழுந்த பணிமனை. மறுபுறம் 1951-இல் தொடங்கப்பெற்ற இந்தியத் தொழில்நுட்பக் கழகம். நம் பாட்டன்மார் பணிமனையின் சங்கொலி கேட்டு வந்தவர்கள். நம் பிள்ளைகள் கழகத்தின் வாயிலைக் காண வேண்டும் என்பது நம் அவா. அவா தவறன்று. ஆயின் அந்த அவாவினூடே, இரும்பைத் தொடும் தொழில் இழிந்தது, திரையைப் பார்க்கும் தொழில் உயர்ந்தது என்னும் எண்ணம் நம் வீடுகளில் எப்படியோ புகுந்துவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் குடியிருப்பில் ஒரு தகப்பனார், "அண்ணா, பையனுக்குப் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பிரிவில் இடம் கிடைத்திருக்கிறது, சேர்க்கலாமா?" என்று வந்து கேட்டார். "இரும்போடு மல்லுக்கட்டியது நம் தலைமுறையோடு போகட்டும், பிள்ளையைக் கணிப்பொறியில் சேருங்கள்" என்று சொன்னவர்களுள் முதல்வர் நாமே. அவர் நம் சொல்லை நம்பினார். கிடைத்த இடத்தை விட்டார். வட்டிக்குக் கடன் வாங்கி, ஏதோ ஒரு தனியார் பயிற்சியில் மகனைச் சேர்த்தார். பயிற்சி முடிந்தது, பணி வரவில்லை, கடன் மட்டும் நின்றது. அந்தத் தம்பி இப்பொழுது நம் குடியிருப்பில் மிதிவண்டிகளையும் குக்கர்களையும் பழுது பார்த்துத் தருகிறார். அவர் கையில் தொட்டது துலங்குகிறது. அதைக் காணுந்தோறும் நம் நெஞ்சு உறுத்துகிறது. ஏனெனில், அவரைத் தடுத்தபோது நாம் கூறிய காரணமே பிழையானது. கணிப்பொறி வேறு, இரும்பு வேறு என்று நாம் எண்ணியிருந்தோம். அஃது எத்துணை அறியாமை என்பதை எங்களுக்குக் காட்டியவை இரண்டு இரவுகள்.

முதல் இரவு, பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் பணியாற்றியபோது வந்தது. மணி ஒன்பது. முகப்பில் நாங்கள் மூவர் இருந்தோம். திரைகள் யாவும் ஒரே கணத்தில் உறைந்து நின்றன. பின்னறையில் இருந்த 'சர்வர்' சூடேறித் தானாகவே அணைந்துவிட்டது. பலருக்கும் ஒரே வேளையில் பணி செய்யும் கணிப்பொறிக்குச் சர்வர் என்று பெயர். உணவு விடுதியில் பரிமாறுபவரையும் நாம் அப்பெயராலேயே அழைக்கிறோம், பொருள் ஒன்றே. அன்று அப்பொறி அணைந்ததற்குக் காரணம், உள்ளங்கையில் அடங்கும் ஒரு மின்விசிறி சுழலாமல் நின்றமையே.

அதை மாற்ற வந்தவர் திறமையிற் குறைந்தவர் அல்லர். பொறி இருந்த நிலைதான் கொடிது. அது ஒரு பலகைமேல் சுவரோடு ஒட்டி வைக்கப்பெற்றிருந்தது. பின்புறத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாய்க் கழற்றி அடையாளச் சீட்டு ஒட்டினார். இருவர் சேர்ந்து பெட்டியைத் தூக்கிக் கீழே இறக்கினோம். மூடியின் திருகாணிகளைத் திருப்புளியால் ஒவ்வொன்றாய்க் கழற்றுகையில், கடைசித் திருகாணி கை தவறிப் பெட்டிக்குள் விழுந்தது. மின்சாரம் ஓட வேண்டிய பலகைமேல் உலோகத் துண்டு கிடக்கையில் பொறியை எவ்வாறு இயக்குவது? கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு தேடினோம். இரண்டு மணி நேரம் கழிந்தது.

முகப்பின் முன் ஒரு தமிழர் நின்றிருந்தார். ஊரில் தாயார் காலமான செய்தி அன்று மாலைதான் அவருக்குக் கிட்டியதாம். பத்தரை மணி வண்டியில் ஓரிடம் வேண்டும் என்று கேட்டார். நாங்கள் என்ன செய்வோம்! முடிவில் அவர் முன்பதிவில்லாச் சீட்டோடு பொதுப் பெட்டியின் வாயிலருகே நின்றபடியே ஊர் போனார். அவ்வண்டியில் படுக்கை இடங்கள் சில காலியாகவே சென்றன என்பதை மறுநாள் அறிந்தோம். இடம் இருந்தது, சீட்டு எழுதுவோரும் இருந்தோம், ஒரு திருகாணி மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

இரண்டாம் இரவு, சில ஆண்டுகள் கழித்து, மற்றோர் அலுவலகத்தில் வந்தது. அங்கும் சர்வரின் விசிறி ஒன்று பழுதாயிற்று. பொறியின் முகத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பழுது நீக்க வந்தவர் ஓர் இளம்பெண். பெட்டியை மேசையின் இழுப்பறை போல முன்னுக்கு இழுத்தார். பின்புறக் கம்பிகள் ஒன்றும் கழலாமல் உடன் வந்தன. மூடியின்மேல் இருந்த தாழை ஒரு விரலால் தூக்கினார், மூடி திறந்தது. செம்மஞ்சள் நிறப் பிடியைப் பற்றிப் பழைய விசிறியை மேலே எடுத்தார், புதியதை அவ்விடத்தில் அமிழ்த்தினார், மூடினார், உள்ளே தள்ளினார். திருப்புளி அவர் பையைவிட்டு வெளியே வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தோம்; மூன்று நிமிடமும் ஆகவில்லை. முகப்பின் வரிசையில் நின்றோர் தம் சீட்டைப் பெற்றவண்ணமே இருந்தனர். பின்னறையில் ஒன்று நிகழ்ந்ததாகவே அவர்கள் அறியவில்லை.

அம்மூன்று நிமிடத்துக்குள் எத்தனை பேருடைய உழைப்பு அடங்கியிருந்தது என்பதை அறியும் ஆவல் எங்களுக்கு எழுந்தது. அப்பெண்மணி விட்டுச்சென்ற கையேட்டை அகராதியின் துணைகொண்டு ஒரு மழைக்காலம் முழுவதும் படித்தோம். ஐயம் எழுந்தபோது, வந்து போகும் பொறியாளர்களைத் தேநீர் கொடுத்துக் கேட்டோம். அவ்வாறு அறிந்தவற்றையே இப்பொழுது அவைமுன் வைக்கிறோம்.

முதலில் அப்பெட்டி நின்றிருந்த சட்டம். அதற்கு ரேக் என்று பெயர். நமக்கு ரேக் என்றால் வண்டிப் பெட்டிகளின் தொடர் நினைவுக்கு வரும்; இது வேறு. இரண்டு செங்குத்துத் தூண்களுக்கிடையே பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பொருத்தும் இரும்புச் சட்டம் இது. பெட்டியின் முகப்புத் தகட்டின் அகலம் 19 அங்குலம். உயரத்தின் அலகு 1¾ அங்குலம். இவ்வளவைக் கணிப்பொறிக்காரர் வகுக்கவில்லை. கணிப்பொறி பிறப்பதற்கு முன்னரே, 1922 அளவில், அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. என்னும் தொலைபேசி நிறுவனம் தன் நிலையங்களில் இடத்தைச் சிக்கனப்படுத்த வகுத்த அளவு அது. நூறாண்டு கடந்தும் அதுவே பெருவழக்காய் உள்ளது. ஓர் அலகுக்குள் மூன்று துளைகள். அவற்றின் இடைவெளி 5/8, 5/8, 1/2 அங்குலம் என்னும் முறையில் மாறி மாறி வரும். ஒரு துளை பிசகினாலும் பெட்டி பொருந்தாது. இத்தகைய அலகுகள் 42 கொண்ட ரேக்கே பெரும்பாலும் வழக்கில் உள்ளது. கணக்கிட்டால் 73½ அங்குலம். சற்று நெடிய மனிதரின் உயரம்.

தாய்மார்கள் அடுக்குக் கேரியரை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். கிண்ணங்கள் ஒரே சுற்றளவில் இருப்பதாலன்றோ எந்தக் கிண்ணமும் எந்தக் கிண்ணத்தின்மேலும் அமர்கிறது? அவ்வாறே, யார் செய்த பெட்டியும் யார் செய்த சட்டத்திலும் அமரும். பெட்டிக்குள் இருக்கும் மூளை சில ஆண்டுகளில் பழையதாகிவிடுகிறது. அதைத் தாங்கும் சட்டத்தின் அளவு தலைமுறை தலைமுறையாய் நிற்கிறது.

அடுத்தது, பெட்டி இழுப்பறை போல வெளியே வந்த விதம். இருபுறமும் ஒன்றனுள் ஒன்று செருகிய எஃகுச் சறுக்குத் தண்டுகள் உள்ளன. அவற்றினிடையே பேரிங் குண்டுகள் உருளுகின்றன. இருபத்தைந்து, முப்பது கிலோ எடையுள்ள பெட்டியை ஒரு பெண் ஒற்றைக் கையால் இழுக்க முடிந்தது அதனாலேயே. பின்புறத்தில் முழங்கை போல மடங்கி நீளும் கை ஒன்று உண்டு. கம்பிகள் அதன்மேல் கட்டப்பெற்றிருக்கும். பெட்டி முன்னே வரும்போது கை நீள்கிறது. உள்ளே போகும்போது மடிகிறது. கம்பி இழுபடுவதுமில்லை, நசுங்குவதுமில்லை.

இங்கே ஓர் இடர் உண்டு. கனமான பெட்டிகள் இரண்டு மூன்றை ஒரே வேளையில் வெளியே இழுத்தால் சட்டமே முன்புறம் சாய்ந்து ஆளின்மேல் விழும். ஆகவே, ஒன்றை இழுத்தால் மற்றவை பூட்டிக்கொள்ளும் அமைப்புகளைச் சிலர் செய்தனர். இதைப் படித்தபோது நாம் புன்முறுவல் பூத்தோம். இது நம் கேபின்களில் இருந்த இன்டர்லாக்கிங் அன்றோ! ஒரு வழிக்குக் கைகாட்டி இறங்கினால் அதற்கு முரணான வழியின் நெம்புகோல் அசையாது நிற்கும். 1856-இல் ஜான் சாக்ஸ்பி என்னும் ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற கருத்து அது. மனிதன் மறப்பான், இரும்பு மறவாது என்பதே அதன் தத்துவம்.

மூன்றாவது, திருகாணி. முதல் இரவில் எங்களை வாட்டிய அதே திருகாணி. புதிய பொறிகளில் பல இடங்களில் அது நீக்கப்பெற்றுத் தாழும் கொக்கியும் வந்துள்ளன. நீக்க முடியாத இடங்களில், கழன்றாலும் தகட்டைவிட்டு விழாத திருகாணி உள்ளது. அதன் கழுத்தில் ஒரு வளையம் பிடித்துக்கொள்ளும். மறையிலிருந்து விடுபட்ட பின்னும் அது தகட்டோடு தொங்கி நிற்கும். யாரோ ஒருவர், எங்களைப் போல நள்ளிரவில் கைவிளக்கோடு தேடியவர், இனி ஒருவரும் இவ்வாறு தேடலாகாது என்று எண்ணியிருக்க வேண்டும். பெரிய கண்டுபிடிப்புகள் இத்தகைய எரிச்சலிலிருந்தே பிறக்கின்றன போலும்!

நான்காவது, வண்ணம். செம்மஞ்சள் பிடி எதற்கு என்று வினவினோம். பொறி ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றத் தக்க உறுப்புகளுக்கு ஐ.பி.எம்., டெல் ஆகிய நிறுவனங்கள் அந்நிறத்தை வைத்துள்ளன. கை வைத்துத் தூக்க வேண்டிய பிற இடங்களுக்கு நீல நிறம். எச்.பி. நிறுவனம் முன்னதற்குக் கருஞ்சிவப்பை வைத்துள்ளது. நள்ளிரவில், தூக்கக் கலக்கத்தில், மொழி தெரியாத நாட்டில் வேலை செய்பவனுக்கும் வண்ணம் வழிகாட்டுகிறது. கைகாட்டிக் கம்பத்தின் விளக்கை நம்பி வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஐந்தாவது, ஓடும் பொறியில் ஓர் உறுப்பைக் கழற்றுவது எவ்வாறு இயல்கிறது என்பது. இதுவே எங்களை மிகவும் வியப்பில் ஆழ்த்தியது. நம் வண்டிகளைக் கோக்கும் முறையை நினைவு கொள்ளுங்கள். முதலில் கப்ளிங் சேர வேண்டும். பின்னர் ஹோஸ் குழாய்களை இணைக்க வேண்டும். அதன் பின்னரே காற்றுக் குழாயின் அடைப்பைத் திறக்க வேண்டும். பிரிக்கும்போது இதே வரிசையைத் தலைகீழாய்ச் செய்தல் வேண்டும். வரிசை மாறினால் ஆபத்து. கணிப்பொறியின் வட்டைச் செருகும்போதும் இத்தகைய வரிசை வேண்டும். முதலில் நில இணைப்பு, பின்னர் மின்சாரம், இறுதியில் செய்தி. இதை ஓர் ஆள் நின்று செய்ய நேரம் ஏது? ஆகவே இணைப்பிலுள்ள உலோக முட்களின் நீளத்தை வேறுபடுத்தினர். நில இணைப்பின் முள் நீளமானது. அது முதலில் தொடுகிறது. செய்தி முட்கள் குட்டையானவை. அவை இறுதியில் தொடுகின்றன. உருவும்போது தலைகீழாய்ப் பிரிகின்றன. ஒரு மயிரிழை நீள வேறுபாட்டில் ஒரு பணிவிதி முழுதும் அடங்கிவிட்டது.

தொலைத்தொடர்பு நிலையங்களுக்கெனப் பல நிறுவனங்கள் கூடி 2002-இல் வகுத்த அமைப்பு ஒன்றில் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். மின்பலகையின் கைப்பிடியை நெகிழ்த்தியவுடன் அதனுள் உள்ள சிறு விசை, "என்னை எடுக்கப் போகின்றனர்" என்று பொறிக்கு அறிவிக்கும். பொறி தன் வேலையை வேறு பலகைக்கு மாற்றிவிட்டு, ஒரு நீல விளக்கை நிலையாய் எரியவிடும். அவ்விளக்கு எரிந்த பிறகே பலகையை உருவ வேண்டும். நிலைய அதிகாரியின் அனுமதி பெற்று வண்டி புறப்படுவதைப் போன்ற ஒழுங்கு இது.

ஆறாவது, காற்று. சர்வரின் பகைவன் வெப்பம். குளிர்ந்த காற்று முன்புறம் புகுந்து, சூடேறிப் பின்புறம் வெளியேற வேண்டும். உள்ளே வளைந்து நிற்கும் பிளாஸ்டிக் தடுப்பு ஒன்று உண்டு. கழற்றி வைத்தாலும் ஒன்றும் ஆகாது என்று தோன்றும். அது இல்லையேல் காற்று எளிய வழியைத் தேடி ஓடிவிடும். வெப்பம் மிகுந்த மூளைப் பகுதிக்குப் போகாது. வாய்க்காலுக்குக் கரை எதற்கோ, அதற்கே அந்தத் தடுப்பு. மூடியை நெடுநேரம் திறந்து வைத்தலாகாது என்று கையேடு எச்சரிப்பதும் இதனாலேயே. அப்பெண்மணியின் விரைவுக்குக் காரணம் அப்பொழுதுதான் எங்களுக்கு விளங்கிற்று.

விசிறியின் அளவிலும் ஒரு நுட்பம் உண்டு. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அது உண்ணும் மின்சாரம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காய்க் குறையும். எனவே சிறிய விசிறியை வெறிபிடித்தாற் போலச் சுழற்றுவதைவிடப் பெரிய விசிறியை மெல்லச் சுழற்றுவதே சிக்கனம். பேஸ்புக் நிறுவனத்தார் தம் சர்வர் பெட்டியை ஓர் அலகு உயரத்திலிருந்து ஒன்றரை அலகாய் உயர்த்தியதற்கு இதுவும் காரணம். அழகுக்காக இருந்த முகப்புத் தகட்டையும் வண்ணப் பூச்சையும் நீக்கினர். 2011-இல் அவ்வரைபடங்களை யாவரும் எடுத்தாளுமாறு உலகுக்கே வெளியிட்டனர். கற்றதைப் பூட்டி வைக்காமல் பகிர்ந்துகொண்ட அச்செயல் போற்றத் தக்கது.

இவற்றுக்கெல்லாம் முன்னோடியாய் ஒன்றைக் கூறி இப்பகுதியை முடிக்கிறோம். 1980-இல் ஐ.பி.எம். நிறுவனம் 3081 என்னும் பெரும் கணிப்பொறியை அறிவித்தது. அதனுள் உள்ளங்கை அளவுள்ள பீங்கான் தகடு ஒன்றன்மேல் நூற்றுக்கு மேற்பட்ட சில்லுகள் நெருங்கி அமர்ந்திருந்தன. அத்தனையின் சூட்டையும் நீர் ஓடும் தகட்டுக்குக் கடத்த வேண்டும். சில்லுகள் யாவும் ஒரே மட்டத்தில் அமைவதில்லை. ஒன்று மயிரிழை தாழும், ஒன்று உயரும். தட்டையான ஒரே தகட்டை அழுத்தினால் சில தொடும், சில தொடா. என்ன செய்தனர்? ஒவ்வொரு சில்லின் மேலும் ஓர் அலுமினியப் பிஸ்டனை நிறுத்தி, அதன் பின்னால் ஒரு சுருள்வில்லை வைத்தனர். ஒவ்வொரு வில்லும் தன் பிஸ்டனை மெல்ல அழுத்த, ஒவ்வொரு பிஸ்டனும் தன் சில்லைத் தொட்டது. எஞ்சிய இடைவெளியில் காற்றைவிட நன்கு வெப்பம் கடத்தும் ஹீலிய வாயுவை நிரப்பினர். மேடுபள்ளமான பாதையிலும் சக்கரம் ஒவ்வொன்றும் தண்டவாளத்தைத் தொட்டே ஓடுமாறு நம் பெட்டிகளின் அடியில் சுருள்வில் இருக்கிறதே, அதே கருத்து! நம் தகப்பன்மார் பணிமனையில் நாள்தோறும் தொட்டுப் பழகிய சுருள்வில்தான், உலகின் பெரும் கணிப்பொறி ஒன்றைக் கொதிக்காமல் காத்தது.

இவை யாவும் பழங்கதை, இனி இவற்றுக்கு வேலை இராது என்று எவரும் எண்ண வேண்டா. செயற்கை நுண்ணறிவு என்னும் புதிய துறை வந்த பின்னர் இத்தேவை பெருகியே உள்ளது. 2024-இல் என்விடியா நிறுவனம் அறிவித்த ரேக் ஒன்று ஏறத்தாழ 120 கிலோவாட் மின்சாரம் உண்ணும். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டிகள் நூற்றிருபதை ஓர் அலமாரிக்குள் அடுக்கி எல்லாவற்றையும் ஒருசேரச் சூடாக்கியதற்கு ஒப்பு. இச்சூட்டை விசிறியால் தணிக்க இயலாது. குழாய்களில் குளிர்நீர்மம் ஓடியாக வேண்டும். மின்சாரத்தின் பக்கத்தில் நீர்மம்! பலகையை உருவினால் இரு பக்கத்துக் குழாயும் தாமே அடைத்துக்கொண்டு, ஒரு துளியும் சிந்தாமல் பிரிய வேண்டும். அத்தகைய இணைப்புகள் இன்று பயன்பாட்டில் உள்ளன. வளையம், வில், அடைப்பான் என அவற்றின் உறுப்புகள் யாவும் கம்மியர் உலகத்துப் பொருள்களே.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் வழக்கு. 1986-இல் இரயில்வே தன் கணிப்பொறிப் பணிகளுக்கென ஒரு மையத்தை நிறுவிற்று. 1999-இல் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து முன்பதிவு மையங்களும் ஒன்றாய் இணைந்தன. 2002-இல் வீட்டிலிருந்தே இணையவழிச் சீட்டு எடுக்கும் வசதி வந்தது. கரக்பூரில் இருந்துகொண்டு கன்னியாகுமரி வண்டிக்கு இடம் எடுக்கும் இத்தேருக்கு ஆயிரமாயிரம் அச்சாணிகள் உள்ளன. அவற்றைச் செய்தோரின் பெயர் நமக்குத் தெரியாது. தேர் ஓடுவதை மட்டும் காண்கிறோம்.

அன்பர்களே! எழுத்தன் ஒருவன் உங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பைத் தேர்ந்து தர முடியாது. ஒரு முறை அவ்வாறு செய்து ஒரு குடும்பத்துக்குத் தீங்கிழைத்தோம். ஆகவே, எல்லாரும் மெக்கானிக்கல் படியுங்கள் என்று இன்று மாற்றிக் கூறவும் வரவில்லை. அதுவும் அதே பிழையே ஆகும். நாம் கேட்டுக்கொள்வது ஒன்றே. கையால் செய்யும் ஆர்வம் உள்ள பிள்ளையிடம், "அது பழைய தொழில்" என்று கூறாதிருங்கள். அது பழைய தொழிலும் அன்று, தாழ்ந்த தொழிலும் அன்று என்பதற்குப் பின்னறையில் நிற்கும் பொறியே சான்று.

சங்கத்துக்கு ஒரு சிறு வேண்டுகோளும் உண்டு. பழைய சர்வர் பெட்டிகள் கழிவுப் பொருள் ஏலத்தில் எடைக்கு விலை போகின்றன. அவற்றுள் ஒன்றை வாங்கி நம் படிப்பகத்தில் வைப்போம். ஞாயிறு காலைதோறும் பிள்ளைகள் அதைத் திறந்து, கழற்றி, மீண்டும் பூட்டிப் பார்க்கட்டும். விலையில் பாதியை நாம் ஏற்கிறோம். கற்பிக்க ஆள் வேண்டுமே என்பீர்கள். ஆள் இருக்கிறார்.

அந்தத் தம்பி இவ்வவையின் கடைசி வரிசையில், நாற்காலிகளை அடுக்கிக் கொடுத்துவிட்டு, இப்பொழுது நின்றுகொண்டிருக்கிறார். சென்ற மாதம் நம் வீட்டில் பழுதான பழைய கணிப்பொறி ஒன்றை அவரிடம் கொடுத்தோம். திறந்து பார்த்துவிட்டு, "மாமா, காற்று போகும் வழியில் கம்பிகள் குறுக்கே கிடக்கின்றன, அதனால்தான் சூடாகிறது" என்றார். கையேட்டைப் படித்து ஒரு மழைக்காலத்தில் நாம் அறிந்ததை அவர் ஒரு பார்வையில் கண்டார். பாலிடெக்னிக்கில் சேரும் வாயில் இன்னும் அவருக்கு அடைபடவில்லை என்று விசாரித்து அறிந்தோம். இம்முறை அவருடைய தகப்பனாரிடம் நாமே போய்ப் பேசியுள்ளோம். அவர் இன்னும் விடை கூறவில்லை. கடன் முழுதும் தீராத வீட்டில் உடனே விடை கூறல் எளிதன்று. அக்கடனில் நம் சொல்லுக்கும் பங்கு உண்டாதலால், அதைத் தீர்ப்பதிலும் நமக்குப் பங்கு உண்டு என்று அவரிடம் தெரிவித்துள்ளோம்.

தம்பி! பலர் அறியத் தவறான அறிவுரை கூறினோம். பலர் அறியவே அதைத் திரும்பப் பெறுகிறோம். பொறுத்தருள வேண்டும்.

 குழந்தைகள் காத்திருக்கின்றனர், நாடகம் தொடங்கட்டும்.